நாற்பத்திரண்டாம் நம்பர் சீட்டு

மருத்துவமனையில் புறநோயாளிகள் பிரிவு. காலை எட்டு மணிக்கே நல்ல கூட்டம். செவிலியர் வாசலில் நின்று, "நாற்பத்திரண்டு... நாற்பத்திரண்டு" என்று கூப்பிடுகிறார். அந்தச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் காது கேட்காது. நாற்பத்து மூன்று உள்ளே போய்விடுகிறது.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வேறு கஷ்டம். வாசலில் சாய்தளம் இருக்கும். உள்ளே பரிசோதனைக் கட்டில் இடுப்பளவு உயரம். நாலு பேர் தூக்கிப் படுக்க வைக்க வேண்டும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்கள் உண்டு. ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்று இருந்தால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது! எடை பார்க்கும் கருவியும் அப்படித்தான், நிற்க முடிந்தவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று. நோயாளி எதிரில் இருக்க, கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன செய்கிறது?" என்று கேட்பது. வலி யாருக்கோ, அவரைத்தானே கேட்க வேண்டும்?

மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்பாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. மருத்துவம் எட்டாததும் அதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25-வது பிரிவு, தெளிவாகவே சொல்கிறது: அரசு மருத்துவமனையோ தனியாரோ, எந்தப் பகுதிக்கும் அவர்கள் தடையில்லாமல் போக வசதி வேண்டும்; சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனையில் எண்ணைக் கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் கையிலுள்ள சீட்டை ஒரு தரம் பாருங்கள்.