நம் ஊரின் குரல்



வானொலிப் பெட்டியை எல்லோரும் அறிவோம். அதில் பாட்டு கேட்கிறோம். செய்தி கேட்கிறோம். மழை வருமா என்று கேட்கிறோம். ஆனால் அதில் பேசுவது யார்? எங்கோ தூரத்தில் இருப்பவர்கள். ஓர் ஊரின் மக்களே பேசி, அதே ஊரின் மக்களே கேட்கும் வானொலி உண்டா? உண்டு. அதற்குச் சமுதாய வானொலி என்று பெயர்.

தெலங்கானா மாநிலத்தில் ஜகீராபாத் என்ற ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் மாச்னூர் என்ற கிராமம். மழையை நம்பிப் பயிர் செய்யும் வறண்ட பூமி. சோளம், தினை, துவரை அங்கே விளையும். அங்குள்ள ஏழைப் பெண்கள் ஊர்தோறும் சங்கம் வைத்திருக்கிறார்கள். டெக்கான் வளர்ச்சிக் கழகம் என்ற தொண்டு நிறுவனம் அவர்களுக்குத் துணை நின்றது.

அந்தப் பெண்களிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. எந்த மண்ணுக்கு எந்த விதை? விதையைப் பூச்சி அரிக்காமல் காப்பது எப்படி? மாட்டுக்கு நோய் வந்தால் என்ன மூலிகை? இவற்றை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அனுபவத்தில் கற்றார்கள். அதைப் பத்து ஊருக்குச் சொல்ல வானொலி வேண்டும் என்று கேட்டார்கள்.

1998-இல் ஐ.நா. சபையின் யுனெஸ்கோ அமைப்பு உதவியது. ஒலிப்பதிவுக் கூடம் வந்தது. ஆனால் ஒலிபரப்ப அரசின் அனுமதி கிடைக்கவில்லை. பெண்கள் சோர்ந்து உட்காரவில்லை. பேச்சையும் பாட்டையும் நாடாவில் பதிவு செய்தார்கள். சங்கக் கூட்டங்களில் அதைப் போட்டுக் கேட்டார்கள். இப்படியே பத்து ஆண்டுகள் போயின.

அனுமதி ஏன் தாமதமானது? வானொலி நெடுங்காலம் அரசின் கையில் மட்டுமே இருந்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்றது. அதன் பிறகும் சமுதாய வானொலி நடத்த முதலில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் அனுமதி கிடைத்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் அவ்வாறு ஒரு வானொலியைத் தொடங்கியது. 2006-இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

2008 அக்டோபர் 15 அன்று மாச்னூரில் சங்கம் வானொலி ஒலித்தது. நரசம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு தலித் பெண்கள் அதை நடத்தினார்கள். பதிவு செய்வதும் அவர்களே, ஒலிபரப்புவதும் அவர்களே. கிராமத்துப் பெண்கள் தங்கள் வழக்குத் தெலுங்கில் பேசினார்கள். வயலில் பாடும் பாட்டைப் பாடினார்கள்.

இன்று நாட்டில் ஏறத்தாழ 500 சமுதாய வானொலிகள் உள்ளன. அவற்றை நடத்துவது எளிதல்ல. ஒலிபரப்பின் சக்தி பொதுவாக 100 வாட் அளவுதான். முன்பு வீட்டில் எரிந்த குண்டு பல்பின் சக்தி அது! சுற்றுப்புற ஊர்களுக்கு மட்டுமே கேட்கும். கருவி பழுதானால் பணம் வேண்டும். மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். வேலை பழகிய இளைஞர்கள் அதிகச் சம்பளம் தேடிப் போய்விடுகிறார்கள். விளம்பரத்துக்கும் அளவு உண்டு. 2024-இல் அரசு அதை மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தியது. ஆனால் சிறிய ஊரில் விளம்பரம் தருவோர் குறைவு.

இன்னொரு தடையும் உண்டு. இந்த வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே தரலாம். தங்கள் ஊரில் நடந்ததைத் தாங்களே செய்தியாகச் சொல்ல முடிவதில்லை. இது மாற வேண்டும் என்று பலர் கேட்டு வருகிறார்கள்.

நண்பர்களே! பணம் இல்லாமல் ஒரு வானொலி தடுமாறலாம். பேச ஆள் இல்லாவிட்டால் அது நின்றே போகும். உங்கள் பக்கத்தில் சமுதாய வானொலி இருக்கிறதா? விசாரியுங்கள். இருந்தால் அங்கே போங்கள். விதையைப் பற்றித் தெரிந்தவர் விதையைப் பற்றிப் பேசுங்கள். பாட்டு தெரிந்தவர் பாடுங்கள். குறை இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். மாச்னூர்ப் பெண்கள் பத்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமை அது. அது நமக்கும் உரியது.