எக்னெலிகொட எங்கே?



பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமற்போனது 2010 சனவரி 24 அன்று. சனாதிபதித் தேர்தலுக்கு இரு நாள் முன்பு! அவர் வெளிநாட்டில் வாழ்கிறார் என்றனர் சிலர். கடத்தப்பட்டார் என்கிறார் மனைவி சந்தியா. நிறுத்துப் பார்ப்போம்.

முதற் கூற்றை 2011 நவம்பரில் ஜெனீவாவில், ஐ.நா. குழுவின்முன் உரைத்தவர் முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ். 2012 சூனில் ஓமாகம நீதிமன்றம் அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டது. இருப்பிடம் தமக்குத் தெரியாதென்றார்! அடுத்த ஆண்டு ஆளுங்கட்சி உறுப்பினரொருவர் பிரான்சிலே கண்டதாகப் பாராளுமன்றத்தில் முழங்கினார். உடனிருந்ததாக அவர் சுட்டிய பத்திரிகையாளரே அதனை மறுத்துவிட்டார்.

மற்றக் கூற்றோ தொலைபேசிப் பதிவுகளின் வழியே கிரித்தலை இராணுவ முகாம்வரை சென்றது. 2015இல் புலனாய்வுப் படையினர் கைதாயினர். உடல் கிடைக்கவில்லை, இன்னார் குற்றவாளியென நாம் தீர்ப்பளியோம். ஆயின் பிரான்சுக் கதைக்கு ஆதாரம் எங்கே? 2008இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த கொட்டாஞ்சேனைத் தாய்மாரும் கேட்கிறார்கள்.