மாஸ்கோவுக்குப் போகாத ஆறுமுகம்

கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவோம். கோலைத் தடுத்தவனை? கைதட்டிவிட்டு அடுத்த நிமிடமே மறந்துவிடுவோம். அப்படி மறக்க முடியாத ஒருவர் நம் கிள்ளான் வட்டாரத்திலிருந்து வந்தார். அவர்தான் ஆர். ஆறுமுகம்.

1953-இல் பிறந்தவர். நீண்ட கைகள். பந்து எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கைகள் அங்கே இருக்கும். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்றார். அணியில் மொக்தார் டஹாரி கோல் அடிப்பார். பின்னால் ஆறுமுகம் இருக்கிறார் என்ற தைரியம் மற்றவர்களுக்கு.

இப்போது 1980-க்கு வாருங்கள். ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம். ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். எதிரணி தென் கொரியா. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங், கோல் கம்பத்தில் ஆறுமுகம். அணியைப் பாருங்கள், நாட்டையே பார்த்த மாதிரி இருக்கும்! ஜேம்ஸ் வோங் அடித்த கோல் வெற்றியைத் தந்தது. 2-1. 1972-இல் மியூனிக் சென்ற மலேசியக் காற்பந்துக்கு மீண்டும் ஒலிம்பிக் கதவு திறந்தது.

திறந்த கதவை மூடியது யார்? கொரியா அல்ல, அரசியல். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அழைத்தது. மலேசியாவும் விலகியது. நம் இடத்தில் ஈராக் போய் விளையாடியது, காலிறுதி வரை!

ஆப்கானிஸ்தான் மக்களுக்காகக் குரல் கொடுத்தது தவறு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள்? அரங்கில் வியர்வை சிந்திய பிள்ளைகள்தானே! ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. கோல் காவலருக்கு நல்ல வயது. அவர் புகார் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை, தொடர்ந்து விளையாடினார்.

1988 டிசம்பர் 18. சாலை விபத்து. 35 வயதில் போய்விட்டார்.

2016-இல் 'ஓலா போலா' படம் வந்தது. அதில் முத்து என்ற தமிழ்க் கோல் காவலரைப் பார்த்துத் திரையரங்கில் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிரிக்பீல்ட்ஸில் இங்கிலாந்து அணிகளின் சட்டை போட்டு நடக்கும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், முத்துவைத் தெரியும் என்பார்கள். பக்கத்தில் நிற்கும் தாத்தாவைக் கேளுங்கள், ஆறுமுகத்தைத் தெரியும் என்பார்.