கரும்பலகையில் ஓர் உரையாடல்

(தாம்பரம் பகுதிக் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மங்கா பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ளும் மாங்காய் இல்லை. ஜப்பானியர்களின் சித்திரக்கதைக்கு மங்கா என்று பெயர். அது அசைபடமாக வந்தால் அனிமே. நம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கே வந்துவிட்டது. பிள்ளைகளின் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரிய கண்களோடு யாராவது ஒருவர் உங்களைப் பார்ப்பார்.

வாள் சண்டை இல்லாத ஒரு மங்காவைப் பற்றிச் சொல்கிறேன். 'கோமி-சான் வா, கோம்யுஷோ தெசு' என்பது அதன் பெயர். டொமோஹிதோ ஓடா எழுதி வரைந்தது. 2016-இல் 'வீக்லி ஷோனென் சண்டே' இதழில் தொடராகத் தொடங்கி 2025 ஜனவரியில் முடிந்தது. 'கோம்யுஷோ' என்றால் பிறரோடு பேசிப் பழகத் தடுமாறுபவர். அது பேச்சுவழக்குச் சொல், மருத்துவப் பெயர் அன்று. கதாநாயகியின் பெயரும் அந்தச் சொல்லும் சேர்ந்து ஒரு சிலேடை.

கோமி உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பெண். பேரழகி. யாரிடமும் பேசுவதில்லை. 'எவ்வளவு கம்பீரம்' என்று வகுப்பே வியக்கிறது. பக்கத்து இருக்கையில் ததானோ என்ற பையன். அவன் முழுப்பெயரைச் சொன்னால் 'வெறும் சாதாரண ஆள்' என்பதுபோல் ஒலிக்கும். அந்தச் சாதாரண ஆளுக்கு மட்டும்தான் விஷயம் புரிகிறது. அவள் பேசாமல் இருக்கவில்லை, பேச முடியாமல் இருக்கிறாள்.

வகுப்பறையில் இருவரும் தனித்திருக்கும் நேரம். கோமி கரும்பலகையில் எழுதத் தொடங்குகிறாள். ததானோவுக்குப் பேச எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அவனும் சுண்ணக்கட்டியை எடுத்து எழுதியே பதில் சொல்கிறான். பலகை நிரம்புகிறது. நூறு நண்பர்கள் வேண்டும் என்பது அவள் கனவு. முதல் ஆளாக நான் இருக்கிறேன், மீதி 99 பேருக்கும் உதவுகிறேன் என்கிறான். காதல் நகைச்சுவைக் கதைதான். ஆனால் இருவரும் மனம்விட்டுக் காதலைச் சொல்ல வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது!

2021 அக்டோபரில் இது அனிமேவாக வந்தது. பிறகு நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் போனது. கரும்பலகைக் காட்சியை அவர்கள் அவசரப்படுத்தவில்லை. சுண்ணக்கட்டி உரசும் ஓசையைக் கேட்கவிட்டிருக்கிறார்கள். நாம் தினமும் எழுப்புகிற ஓசைதான். அதே ஆண்டு என்.எச்.கே. தொலைக்காட்சி நடிகர்களை வைத்து 8 பகுதி நாடகமாகவும் எடுத்தது. பதினைந்து வயதுத் ததானோவாக நடித்தவருக்கு வயது 35. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சி தராது.

எனக்கு இந்தக் கதையில் ஒரு குறை உண்டு. கோமி அழகி என்பதால் அவள் மௌனம்கூடக் கம்பீரமாகத் தெரிகிறது. எண்ணெய் வைத்துச் சடை பின்னி மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை பேசாவிட்டால் அதற்கு வேறு பெயர்கள் வைக்கிறோம். 'அமுக்குணி', 'திமிர்', 'ஒண்ணும் தெரியாது'. வருகைப் பதிவு எடுக்கும்போது கவனியுங்கள். அவள் பெயர் வந்ததும் பக்கத்துப் பிள்ளை, 'வந்திருக்கா மிஸ்' என்று சொல்லும். அந்தப் பக்கத்துப் பிள்ளைதான் நம் வகுப்பின் ததானோ.

வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் மட்டும் வாயே திறக்காத நிலைக்கு 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு இதைப் பதற்றம் சார்ந்த குறைபாடுகளில் சேர்த்திருக்கிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கிவிடும், ஆனால் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் வெளியே தெரியும். பள்ளி தொடங்கிய முதல் மாதக் கூச்சத்தை இதில் சேர்க்கக் கூடாது. மொழி தெரியாததால் வரும் மௌனத்தையும் சேர்க்கக் கூடாது. நம் பகுதியில் இது முக்கியம். முடிச்சூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஒடியாவோ இந்தியோ பேசும் குழந்தை சில மாதம் வாய் திறக்காமல் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும். அதன் மௌனம் வேறு, இதன் மௌனம் வேறு. அம்மாவிடம் 'வீட்டில் எப்படிப் பேசுவாள்?' என்று கேட்டால் பாதி தெளிவாகிவிடும்.

'பேசினால்தான் விடுவேன்' என்று நிற்க வைப்பது பதற்றத்தைக் கூட்டும். ஒரு சொல் பேசியதும் மொத்த வகுப்பையும் கைதட்டச் சொல்வதும் சில நேரம் அப்படித்தான். நல்லெண்ணம்தான், ஆனால் குழந்தை மறுபடி ஓட்டுக்குள் போய்விடும். தலையசைப்பு, விரல் காட்டுதல், சிலேட்டில் எழுதுதல் எல்லாவற்றையும் பதிலாக ஏற்றுக்கொள்ளலாம். நண்பர் ஒருவரோடு மட்டும் கிசுகிசுக்க விடலாம். பிறகு மூவர், பிறகு குழு.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் வாய்விட்டுப் படிப்பதை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர், வீட்டில் குழந்தை படிப்பதை அம்மாவின் கைபேசியில் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார். இரண்டு ஆண்டுகளாகக் குரலே கேட்டிராத பிள்ளை. பதிவில் தம்பியை 'சும்மா இருடா' என்று அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறாள். ஆசிரியர் அறையில் அதை நாங்கள் மூன்று முறை கேட்டோம். அவளிடம் மட்டும் யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவள் நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்ததோடு சரி.

மாதக்கணக்கில் மாற்றமே இல்லையென்றால் பெற்றோரை அழைத்து, இது பிடிவாதம் அல்ல என்பதை முதலில் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் தெரிவியுங்கள். 14417 என்ற நம் துறையின் உதவி எண்ணிலும் கேட்கலாம். மேல்வகுப்பு ஆசிரியர்களுக்குக் கூடுதலாக ஒன்று: கோமியின் கதையைப் படித்த பிள்ளை உங்கள் வகுப்பில் யாராவது இருப்பார்கள். அந்தக் கரும்பலகைக் காட்சியைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.