தோட்டத்துக் கிராணியின் மகன்

(ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் வட்டாரத்திற்கு வருகை புரிந்தபோது, அவர்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



தேர்தல் வரும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. ‘நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினரால் நமக்கு என்ன பயன்?’ என்பதே அது. இதற்கு விடை காண, பால்மரங்களுக்கிடையே வாழ்வைத் தொடங்கிய ஒருவரின் வரலாற்றை இன்று நோக்குவோம். அவர்தாம் சி. வி. தேவன் நாயர்.

1923ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் அவர் மலாக்காவில் பிறந்தார். தந்தையார் கேரளத்திலிருந்து வந்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாகப் பணியாற்றியவர். பத்து வயதில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்த தேவன் நாயர், கற்று ஆசிரியரானார். ஆசிரியர் சங்கத்தின் செயலாளராகவும் உயர்ந்தார். காலனி ஆட்சியை எதிர்த்தமையால் 1951இல் காவலில் வைக்கப்பட்டார். 1955இல், நம்மவர் நன்கறிந்த சிராங்கூன் சாலையை அடுத்துள்ள ஃபேரர் பார்க் தொகுதியில் மக்கள் செயல் கட்சியின் சார்பில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். மறு ஆண்டே மீண்டும் காவல். 1959 ஜூன் மாதத்தில்தான் விடுதலை கிடைத்தது.

தோல்வியும் சிறையும் அவரை முடக்கிவிடவில்லை. 1961இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றுவதற்கு அவர் முன்னின்று உழைத்தார். 1963இல் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் அவருடைய துணைவியார் ஆவடை தனம் மோல்மீன் தொகுதியில் வென்று சட்டமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு தேவன் நாயர் கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் வென்றார். தீபகற்பத்தில் அக்கட்சியின் சார்பில் வெற்றி கண்டவர் அவர் ஒருவரே. ஒரே குடும்பத்தில் மனைவி மாநிலச் சட்டமன்றத்திலும், கணவர் கூட்டரசு நாடாளுமன்றத்திலும் அமர்ந்தனர்!

1965இல் சிங்கப்பூர் பிரிந்த பின்னரும் அவர் தம் தொகுதி மக்களை விட்டு நீங்கவில்லை. ஜனநாயகச் செயல் கட்சியைத் தோற்றுவித்து, அதன் முதல் தலைமைச் செயலாளராக விளங்கினார். 1969இல் சிங்கப்பூருக்குத் திரும்பினார்.

அவர் திரும்பிய காலம் தொழிலாளர்க்குச் சோதனைக் காலம். 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம் தொழிலாளரின் சலுகைகள் பலவற்றைக் குறைத்திருந்தது. சங்கங்கள் வலுவிழந்திருந்தன. 1969 நவம்பரில் தொழிற்சங்கக் காங்கிரஸ் கூட்டிய கருத்தரங்கில் புதியதொரு பாதை வகுக்கப்பட்டது. ஊதியம் கேட்பதோடு சங்கம் நின்றுவிடலாகாது. உறுப்பினரின் சிறு சேமிப்பைத் திரட்டிக் கூட்டுறவுத் தொழில்களையும் நடத்த வேண்டும் என்பதே அப்பாதை. 1970இல் இன்கம் காப்புறுதியும் கம்ஃபர்ட் வாடகை வண்டிச் சங்கமும் தோன்றின. விலைவாசி ஏறிய 1973இல் வெல்கம் என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரிசியையும் பிற பண்டங்களையும் நியாய விலைக்கு அது விற்றது. கடைக்காரரிடம் பற்று வைத்து வாழ்ந்த நமக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ‘சங்கம் அரசுடன் மிக நெருங்கிவிட்டது’ என்று குறை கூறியோரும் உண்டு. அக்குறையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்தப் பாசிர் ரிஸ் கடற்கரையை நோக்குங்கள். முன்னாளில் இங்கே செல்வர்களின் ஓய்வு மாளிகைகள் இருந்தன. 1988இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் இங்குத் தொழிலாளர்க்கென ஓய்வு விடுதியைத் திறந்தது. அப்போது தேவன் நாயர் எப்பொறுப்பிலும் இல்லை. எனினும் 1969இல் ஊன்றிய வித்து, ஊன்றியவர் அகன்ற பின்னும் காய்த்தது.

நம் தோட்டங்களிலும் இத்தகைய சான்று உண்டு. தோட்டத் துண்டாடலால் நம்மவர் வேலையும் வீடும் இழந்தபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளரின் சிறு பணமே தோட்டங்களை வாங்கியது. அவரும் மக்கள் வாக்கால் மன்றம் சென்றவரே.

தேவன் நாயர் 1979இல் ஆன்சன் தொகுதியில் வென்றார். 1981இல் சிங்கப்பூரின் மூன்றாம் அதிபரானார். அவர் விட்டுச்சென்ற ஆன்சனை அவருடைய கட்சியால் காத்துக்கொள்ள இயலவில்லை. அவ்வாண்டு இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் அங்கே வென்றார். தொகுதி எவருக்கும் முதுசொம் அன்று, அது வாக்காளருடையது! 1985இல் அதிபர் பதவியிலிருந்து விலகிய தேவன் நாயர், பின்னர் அயல்நாட்டில் வாழ்ந்து, 2005 டிசம்பர் 6ஆம் நாள் கனடாவில் மறைந்தார். பதவி நான்காண்டுக்குள் முடிந்தது. அவர் வளர்த்த கூட்டுறவோ தலைமுறை கடந்து நின்றது.

ஆதலின் தோழர்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம் மாலையும் மேடையும் எதிர்பாராதீர். ‘உங்கள் பதவி முடிந்த பின் எங்கள் கையில் எது எஞ்சி நிற்கும்?’ என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் உரிமை சங்கக் கூட்டத்திற்குத் தவறாது வருவோர்க்கும், கூட்டுறவில் பங்கு செலுத்துவோர்க்கும் மிகுதியும் உண்டு. அந்த உரிமையை நாம் முதலில் தேடிக்கொள்வோம்.