ஒரு மடக்குக் கத்தியும் இரண்டு நிமிஷமும்
(நமது மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் கிளார்க்காக இருந்தவனுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். போன வருஷம் என் மகள் பிரான்சிலிருந்து வாங்கி வந்தாள். பெயர் ஒப்பினெல், எட்டாம் நம்பர்.

சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரக் கைப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு. கழுத்தில் உள்ள வளையம் 1955-இல் வந்தது. அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், விரல்மேல் மடங்காது.

அலகு கார்பன் ஸ்டீல், எவர்சில்வர் அல்ல. நான் எலுமிச்சம்பழம் நறுக்கி, துடைக்காமல் வைத்துவிட்டேன். காலையில் கறுப்பும் துருவும்! மனசே சரியில்லை. போனில் சொன்னேன். "தூக்கிப் போட்டுடாதீங்கப்பா, தேய்ச்சுப் பாருங்க" என்றாள். தேய்த்தேன். துரு போனது, கறை மட்டும் நின்றது.

இப்போது வேலை முடிந்ததும் துடைத்து, ஈரம் போக்கி, துளி எண்ணெய் தடவுகிறேன். இரண்டு நிமிஷம்தான். தண்ணீரில் ஊறப் போடக்கூடாது, மரம் உப்பிக்கொள்ளும். அலகு வெளியே வராவிட்டால் கைப்பிடியின் பின்முனையை மேசையில் தட்டுங்கள். சவாய்க்காரர்களின் வழி அது. பேரப்பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகாதீர்கள்.

மிக்ஸி கெட்டால் புதிது வாங்குகிறோம். இதைப் பார்த்துக்கொண்டால் நமக்குப் பிறகும் இருக்கும். மகள் அடுத்த வருஷம்தான் வருவாள். அந்தக் கறையைக் காட்டி, அவள் கையாலேயே மாம்பழம் நறுக்கச் சொல்ல வேண்டும்.