தொலைநோக்கியும் கேமராவும் காட்டுவது என்ன?

(ஜமாஅத் கல்வி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஒவ்வொரு மாதத்தின் 29-ஆம் நாள் மாலையிலும், குறிப்பாக ஷஃபான், ரமளான் மாதங்களில், நம் ஊர்களில் மேற்கு வானத்தை நோக்கி நிற்கும் வழக்கம் தொன்றுதொட்டு உள்ளது. அண்மைக் காலமாக அம்மாலையில் இன்னொன்றும் நிகழ்கிறது. கைப்பேசியில் ஒரு பிறையின் படம் வந்து சேர்கிறது. அது எங்கே, எப்போது, எக்கருவியால் எடுக்கப்பட்டது என்னும் விவரம் எதுவும் இராது. “பிறை தெரிந்துவிட்டது” என்பார் ஒருவர். “இது பொய்ப்படம்” என்பார் மற்றவர். அன்றிரவு ஒரே தெருவில் இரண்டு கருத்துகள் எழுந்துவிடுகின்றன.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது நிலை ஒன்று உண்டு. படம் முற்றிலும் மெய்யானதாக இருக்கலாம். ஆயினும் அப்பிறையை மனிதக் கண் எதுவும் கண்டிருக்க இயலாது. இது எவ்வாறு கூடும் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். மார்க்கத் தீர்ப்பு ஆலிம் பெருமக்களுக்கு உரியது. அதனுள் நாம் புகப்போவதில்லை. தொலைநோக்கியும் டிஜிட்டல் கேமராவும் எவ்வாறு வேலை செய்கின்றன என்ற அளவோடு நின்றுகொள்வோம்.

வானாய்வு நம் பகுதிக்குப் புதிதன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1837-ஆம் ஆண்டிலேயே திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். ஆனால் இன்றைய தமிழ்நாட்டில் இரவு வானத்தை ஆராயப் பெரிய தொலைநோக்கி இருக்குமிடம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆகும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக அங்குச் செல்லலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியல் அறிஞர் வைனு பாப்பு. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு அங்கே பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1985-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி செயல்படலாயிற்று. அந்த ஆடியை பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கூடத்திலேயே தேய்த்து மெருகேற்றினர். பாப்பு அதைக் காணவில்லை, 1982-இல் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று அத்தொலைநோக்கிக்கும் வானாய்வகத்திற்கும் அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

தொலைநோக்கி என்றவுடன் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றே பலரும் நினைக்கிறோம். அதன் முதல் வேலை அதுவன்று. ஒளியைத் திரட்டுவதே அதன் முதல் வேலை. இருளில் நம் கண்ணின் பாவை மிகுதியாக விரிந்தால் சுமார் 7 மில்லிமீட்டர் இருக்கும். 2.34 மீட்டர் ஆடியின் பரப்பு அதைப்போல் 1 இலட்சத்து 11 ஆயிரம் மடங்கு. நம் கண் ஒரு பங்கு ஒளியைப் பெறும் அதே நேரத்தில் அந்த ஆடி அத்தனை பங்கு பெறுகிறது. அதோடு, கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க இயலாது. விநாடியில் ஒரு சிறு பகுதிக்குள் வந்ததைக் காட்டிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் மங்கிய பொருள் மங்கலாகவே இருக்கும். கேமராவோ மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

சேர்க்க வேண்டுமானால் தொலைநோக்கி விண்மீனைத் தொடர்ந்து செல்ல வேண்டும். பூமி சுழல்வதால் விண்மீன்கள் இரண்டு நிமிடத்தில் முழுநிலவின் அகல அளவிற்கு நகர்ந்துவிடுகின்றன. ஆகவே தொலைநோக்கியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தி, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒரு சுற்று என்ற கணக்கில் மோட்டாரால் திருப்புகின்றனர். இங்கேதான் நம் மாவட்டத்திற்கென்று ஒரு தொல்லை உள்ளது. அச்சை நிறுத்துவதற்கு வழிகாட்டி துருவ விண்மீன். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் அது அங்குத் தெரியும். நாகர்கோவிலில் அது வெறும் 8 பாகை. வடக்கே மலையும் இடையில் தென்னந்தோப்பும் இருக்க, மொட்டை மாடியில் நின்றாலும் அதைக் காண்பது அரிது. வெளிநாட்டில் செய்யப்பட்ட தாங்கிகள் பலவும் குளிர்நாடுகளின் அட்சரேகைகளை எண்ணி அமைக்கப்பட்டவை. அச்சை 8 பாகைக்குத் தாழ்த்தினால் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும். எங்கள் 8 அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தும்போது துருவ விண்மீனையே நம்பாமல், வேறு விண்மீன்கள் எந்தப் பக்கம் விலகுகின்றன என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்துகிறோம். ஒரு மணி நேரம் இதிலேயே கழியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அந்த உழைப்பும் வீணே. காற்றாலைகளுக்கு உகந்த காற்று தொலைநோக்கிக்கு உகந்ததன்று.

தொல்லைக்கு ஈடாக ஒரு பேறும் உண்டு. வடநாட்டார் காணாத தென்வானம் நமக்கு நன்கு தெரிகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எழவே எழாத அகத்திய விண்மீன் நமக்குத் தெற்கே 29 பாகை உயரம் வரை ஏறுகிறது. அரபு மாலுமிகள் அதை சுஹைல் என்றனர். இன்றைய தானியங்கித் தொலைநோக்கியின் கைக்கருவியில் திசை சரிபார்ப்பதற்கென்று தரப்படும் அல்டெபரான், ஆல்டேர், ரைஜல் போன்ற பெயர்களும் அரபுச் சொற்களே. மதரஸா மாணவர் ஒருவர் அப்பட்டியலை வாசித்தால் பாதிப் பெயர்களின் பொருளைத் தாமே கூறிவிடுவார்.

இனி கேமராவுக்கு வருவோம். பழங்காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தனர். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனை அவ்வாறு எடுத்த தகடுகள் காக்கப்பட்டு, இன்று கணினியிலும் ஏற்றப்பட்டுள்ளன. காவலூரில் 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் குழுவினர் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியால் ஒரு குறுங்கோளைக் கண்டனர். அதுவே 4130 ராமானுஜன். ஆனால் தகட்டில் விழும் நூறு ஒளித்துகளில் ஒன்றிரண்டே பதியும். 1969-இல் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சி.சி.டி. என்னும் சிலிக்கன் சில்லு, எண்பதுக்கு மேலும் பதிக்கவல்லது. 2009-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

அச்சில்லு எவ்வாறு இயங்குகிறது? மழை நாளில் முற்றத்தில் வரிசை வரிசையாகக் கிண்ணங்களை வைத்ததாக எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு கிண்ணத்திலும் சேர்ந்த நீரைப் பின்னர் அளந்து எழுதிக்கொண்டால், எங்கே எவ்வளவு மழை பெய்தது என்ற வரைபடம் கிடைக்கும். சில்லில் உள்ள இலட்சக்கணக்கான நுண்கட்டங்களே அக்கிண்ணங்கள். ஒளித்துகள் விழ விழ அவற்றில் மின்னணுக்கள் சேர்கின்றன. ஆகவே இக்கேமரா தருவது முதலில் படமே அன்று, எண்களின் பட்டியல்.

அந்த எண்களில் விண்மீனின் ஒளி மட்டுமா இருக்கிறது? இல்லை. இதுவே இவ்வுரையின் நடுப்பொருள். கொஞ்சம் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

சில்லின் சொந்த வெப்பமே மின்னணுக்களை எழுப்பும். மூடியைக் கழற்றாமல் எடுத்தாலும் எண்கள் வரும். ஏறத்தாழ 6 பாகை குளிர்வித்தால் இது பாதியாகும். ஆதலால் பெரிய வானாய்வகங்களில் 196 பாகை உறைகுளிரிலுள்ள திரவ நைட்ரஜனை ஊற்றிச் சில்லை நூறு பாகைக்கும் கீழான குளிரில் வைக்கின்றனர். எஞ்சியதைக் கழிக்க, மூடியை மூடிக்கொண்டு அதே வெப்பநிலையில் அதே நேரம் ‘இருட்படம்’ எடுத்துக்கொள்கின்றனர். குளச்சல் மீன் ஏலத்தில் கூடையின் எடையைக் கழித்துவிட்டு மீனின் எடையைக் கூறுவது போன்றதே இது. அடுத்து, எல்லாக் கட்டங்களும் ஒரே உணர்திறன் உடையவை அல்ல. கண்ணாடியில் ஒட்டிய தூசியின் நிழலும் வட்டம் வட்டமாக விழும். அதைச் சரிசெய்ய, அந்தி வானம் போன்ற சீரான ஒளியைப் படமெடுத்து, உண்மைப் படத்தை அதனால் வகுக்க வேண்டும். அந்தி வானம் சில நிமிடங்களில் இருண்டுவிடும். ஆகவே வானாய்வகத்தில் பரபரப்பான வேளை நள்ளிரவன்று, அந்திதான்.

கழித்தும் வகுத்தும் முடித்த பின்னரும் ஒன்று மிஞ்சும். ஒளித்துகள்கள் மழைத்துளிகள் போல ஒழுங்கின்றி வருபவை. நூறு துகள் சேர்ந்தால் அதில் பத்து அளவிற்கு ஐயம். பத்தாயிரம் சேர்ந்தால் நூறு அளவிற்கே ஐயம், அதாவது நூற்றில் ஒன்று. ஐயத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஒரே மங்கிய பொருளுக்காக இரவு முழுவதும் செலவிடுவதற்கு இதுவே காரணம். பல படங்களை எடுத்து, விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு கணினியில் அடுக்கிச் சராசரி காண்கின்றனர்.

வண்ணம் பற்றி ஒரு சொல். வானாய்வகக் கேமரா கறுப்பு வெள்ளையே காணும். நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளைத் தனித்தனியே வைத்து எடுத்துப் பின்னர் கலக்கின்றனர். மேலும், எண்கள் 0 முதல் 65,535 வரை இருக்க, சாதாரணத் திரை 256 படிகளையே காட்டும். எங்கே கறுப்பு தொடங்க வேண்டும், எதை எடுத்துக்காட்ட வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்தாக வேண்டும். இது பொய்யன்று, ஆயினும் இது ஒரு முடிவு. அறிவியலார் படத்தின் அழகைப் பார்த்து எதையும் ஏற்பதில்லை. எண்களையும், அவற்றோடு கோப்பில் எழுதப்பட்டிருக்கும் நேரம், இடம், வடிகட்டி, ஒளி சேர்த்த காலம் ஆகியவற்றையும் கேட்பர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனின் முன் கடந்தபோது, அதன் வளையங்கள் அந்த ஒளியை மறைத்ததை வேறிடங்களில் நோக்கியவர்களோடு காவலூரிலும் பதிவு செய்தனர். அங்கே கையில் இருந்தது படமே அன்று. ஒளியளவும் நேரமும் மட்டுமே.

இப்போது பிறைக்குத் திரும்புவோம். நிலவு சூரியனிலிருந்து சுமார் 7 பாகைக்கும் குறைவாக விலகியிருந்தால் பிறையைக் காண இயலாது என்று பிரெஞ்சு அறிஞர் டான்ஜோன் 1930-களில் கணித்தார். கண்ணைப் பற்றியது அக்கணிப்பு. 2013 ஜூலை 8 அன்று தியரி லெகோ என்பவர் பிரான்சில், அமாவாசை நிகழ்ந்த அதே நொடியில், சூரியனிலிருந்து 4.4 பாகை தொலைவிலிருந்த பிறையைப் பட்டப்பகலில் படமெடுத்தார். வானின் நீலம் இடையூறு செய்யாதிருக்க அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தினார். சூரிய ஒளி குழாய்க்குள் புகாதவாறு மறைப்பும் வைத்தார். வானத்தின் வெளிச்சத்திற்கும் அப்பிறையின் வெளிச்சத்திற்கும் உள்ள வேறுபாடு மிக மிக அற்பம். நாம் மேலே கூறிய கழித்தலும் வகுத்தலும் அடுக்குதலும் இன்றி அது வெளிப்படாது. தூசியின் நிழல் கூட அதைவிட வலுவாகத் தெரியக்கூடும். ஆகவே படமும் மெய். அன்று அங்கே எந்தக் கண்ணும் அதைக் கண்டிருக்காது என்பதும் மெய். (இவ்வாறு பகலில் முயல்வது தேர்ந்தவர்களின் வேலை. சூரியன் முற்றிலும் மறையுமுன் தொலைநோக்கியை அப்பக்கம் திருப்பி ஒருமுறை கண் வைத்தாலே பார்வை போய்விடும். பிள்ளைகளுக்கு இதை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.)

எனவே, கைப்பேசியில் வரும் பிறைப் படம் குறித்து ஜமாஅத்தில் பேச்சு எழும்போது, மெய்யா பொய்யா என்ற வாதத்திற்கு முன், எந்த ஊரில் எந்த நாளில் எத்தனை மணிக்கு எடுத்தது, கண்ணால் பார்த்து எடுத்ததா அல்லது கணினி சுட்டிய இடத்தில் தொலைநோக்கியை நிறுத்தி எடுத்ததா, ஒரே படமா அல்லது அடுக்கிய பல படங்களா என்று அனுப்பியவரைக் கேட்கலாம். கைமாறிக் கைமாறி வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் கோப்போடு இருந்த விவரங்கள் நீங்கியிருக்கும். ஆதலால் எடுத்தவரையே கண்டறிந்து கேட்பதன்றி வேறு வழியில்லை. விடை கிடைத்த பின், அதனை எவ்வாறு கொள்வது என்பதை ஆலிம்களிடம் விட்டுவிடலாம்.

இஷா தொழுகைக்குப் பின் மேல்மாடியில் எங்கள் தொலைநோக்கியை நிறுத்தியிருக்கிறோம். ஒரே விண்மீன் கூட்டத்தின் இருட்படம் கழிக்காத படமும் கழித்த படமும் கணினியில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணை வைத்து நோக்கலாம். பெரியவர்கள் படியேறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டுகிறோம்; கண் இருளுக்குப் பழக வேண்டியிருப்பதால் மாடி விளக்குகளை அணைத்திருக்கிறோம்.